நெல் தராசில் தொண்ணூற்று நான்கு கிலோ

பிப்ரவரி 3, திங்கள்

உடல்பருமன் தடுப்பு முகாம். பள்ளியின் எடை இயந்திரம் பழுது. "நம்ம கிரவுண்டுலயே நெல் கொள்முதல் தராசு இருக்கே, அதுல ஏத்துங்க" என்றார் தலைமையாசிரியர் துரைராசு. ஏற்றினோம். பெயர் கூப்பிட்டது நான்.

எட்டாம் வகுப்பு நுஸைபா ஏறியதும் மூட்டை தூக்கும் லோடுமேன் சொன்னார்: "நனைஞ்ச மூட்டை சார், ஈரப்பதம் கழிச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுபத்தொன்று என்று எழுதிக்கொண்டேன். தலை நிமிராமல்.

பிப்ரவரி 4

எடைப் பட்டியல் பள்ளி வாசல் சுவரில். பருமனானவர்கள் சிவப்பு மையில். "பார்த்தா ரோஷம் வரும்ல டீச்சர்?" என்றார் துரைராசு.

ரோஷத்தில் யாராவது இளைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் நான் பத்து வயதிலேயே காணாமல் போயிருப்பேன்.

பிப்ரவரி 7

மூன்றாம் நாள். நுஸைபா வரவில்லை.

பிப்ரவரி 8

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஹாஃபிஸா டீ கொடுத்தார். "படிச்சது போதும்ங்கிறா. நீங்க சொன்னா கேப்பா டீச்சர்."

சொன்னேன். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு கேள்வி.

"நீங்க ஏறுனீங்களா மிஸ்?"



பிப்ரவரி 9

முகாமில் கொடுத்த தாள்: தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும். எங்கே? மைதானம் முழுக்க சம்பா மூட்டை, தார்ப்பாய். குறுவை அறுவடைக்கும் இதேதான். விளையாட்டு வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கிறது. உட்காரவைத்துவிட்டு எடை பார்க்கிறோம் — என்ன நியாயம் இது?

பிப்ரவரி 10, திங்கள்

காலைக் கூட்டம் கலையும் முன் தராசில் ஏறினேன். தொண்ணூற்று நான்கு.

"சொல்லுங்கண்ணே, எனக்கு ஈரப்பதம் எவ்ளோ கழிக்கணும்?"

லோடுமேன் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.

பட்டியலின் உச்சியில் சிவப்பு மையில் எழுதினேன்: செம்மொழி, ஆசிரியை, 94. அடியில்: ஓட இடம் — இல்லை.

"நீங்க டெம்பரவரி போஸ்டிங். ஞாபகம் இருக்கா?" என்றார் துரைராசு.

"இருக்கு சார். அந்தப் பட்டியலைக் கிழிங்க. இல்லாட்டி உங்க எடையையும் எழுதுங்க."

தன்னையறியாமல் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11

சுவரில் பசைத் தடம் மட்டும்.

பிப்ரவரி 12

நுஸைபா வந்தாள். பசைத் தடத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிவிட்டு உள்ளே போனாள். மைதானத்தைக் காலி செய்யக் கேட்டு மனு எழுதியிருந்தேன். முதல் கையெழுத்து ஹாஃபிஸா.

மார்ச் 3

ஏப்ரலோடு எனக்கு வேலை இல்லை. பரவாயில்லை என்று எழுத மாட்டேன். வயிறு எரிகிறது.

பாதி மைதானம் காலி. கடைசி பீரியட், கபடி. நுஸைபா பாடிக்கொண்டு போனாள். மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டாள்.