ஓரம் வெட்டிய உறை

யாமகாட்டா
நவம்பர் 3, 1946

என் தங்கை மிசாவோவுக்கு,

முள்ளங்கியைத் தவிட்டில் புதைத்து ஊறுகாய் போட்டு முடித்த கையோடு எழுதுகிறேன். தாளில் தவிட்டு வாசனை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

உன் மகள் மினேயின் கால் வளைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோளமாவுக் கஞ்சியையே ஊற்றினால் கால் எப்படி நிமிரும்? கவலையை விடு. அரசாங்கத்துக்கு அளந்தது போக ஒரு மூட்டை அரிசியை ஒதுக்கிவிட்டோம். எங்கே தெரியுமா? ஊறுகாய்த் தொட்டிக்கு அடியில் குழி தோண்டி.

"இந்த நாத்தத்துக்குக் கீழ எந்த அமெரிக்காக்காரன் மூக்கை விடுவான்?" என்கிறார் உன் அத்தான்.

"நீங்க பக்கத்துல நின்னாலே போதும், தொட்டியே வேணாம்" என்றேன்.

புத்தாண்டுக்குள் அவரே முதுகில் கட்டிக்கொண்டு ரயிலேறி வருவார். உன் அலுவலகத்தில் என்ன வேலை என்று இன்னும் நீ சொல்லவில்லையே. மினேயின் அப்பாவைப் பற்றி சைபீரியக் கைதி முகாமிலிருந்து ஏதாவது சேதி உண்டா?

உன் அக்கா
கிகுயே

டோக்கியோ
நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வந்ததிலிருந்து உட்காரப் பிடிக்கவில்லை. மினே என் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, ஏன் நடந்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்கிறாள்.

அவள் அப்பாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் கிடைத்த வேலை. எழுத்து வேலை, அவ்வளவுதான்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், ஏன் என்று கேட்காமல் செய். அந்த ஊறுகாய்த் தொட்டி இருக்கும் இடம் சரியில்லை. நாளைக்கே இடம் மாற்று. இனிமேல் எனக்கு அரிசி, மூட்டை என்று எதையும் எழுதாதே. நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது உனக்கு எப்படி எழுதுவேன், ஞாபகம் இருக்கிறதா? பனி, மழை, மரத்தில் பூ. அப்படி எழுது. நேரில் வரலாம் என்று விடுப்புக் கேட்டேன், கொடுக்கவில்லை.

மிசாவோ

யாமகாட்டா
நவம்பர் 21

மிசாவோ,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "பட்டணத்துக் கல்லூரியில ஊறுகாய் போடவும் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைக்குச் சோறு என்று எழுதினால் அது உனக்கு நாகரிகமாக இல்லையோ?

உன் விடுதிக் கடிதங்கள் ஞாபகம் இருக்கின்றன. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷம் பக்கம் பக்கமாக நான் எழுதினால், "இங்கே செர்ரி பூத்திருக்கிறது" என்று நீ நாலு வரி எழுதுவாய். என் தங்கைக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அழுதவள் நான். மறுபடியும் அப்படி எழுதிக்கொள்வோம் என்கிறாயா?

தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கிகுயே

யாமகாட்டா
டிசம்பர் 9

மிசாவோவுக்கு,

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு ஜீப் வந்தது. நம் ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர், ஒரு அமெரிக்கச் சிப்பாய். உன் அத்தான், "பூட்ஸக் கழட்டச் சொல்லுங்கய்யா, பாய் விரிச்ச வீடு" என்றதும் சிப்பாய் கழற்றினான். காலுறையில் பெருவிரல் தெரிய ஓட்டை. அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

ஆனால் அவர்கள் அறையில் தேடவில்லை. பரணில் ஏறவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் ஊறுகாய்த் தொட்டியை நகர்த்தினார்கள்.

மூட்டை போயிற்று. உன் அத்தானை மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் யாரோடும் பேசுவதில்லை. என்னிடம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யார்கிட்ட சொன்னே?"

பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதினேன். நீதான் 'இடம் மாற்று' என்றாய். உனக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

கிகுயே

டோக்கியோ
டிசம்பர் 19

அக்கா,

யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்ட விஷயத்தை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பிரித்தால் என் வேலை போகும். பிரிக்காமல் வந்தால் படித்துவிட்டு எரித்துவிடு.

என் வேலை மற்றவர்களின் கடிதங்களைப் படிப்பது. பெரிய கூடத்தில் வரிசையாக மேஜைகள். பெரும்பாலும் என்னைப் போல ஆங்கிலம் படித்த பெண்கள். தபாலில் வருவதில் கொஞ்சத்தை எடுத்து, உறையின் ஓரத்தை வெட்டிப் படிப்போம். பதுக்கல், அமெரிக்க ராணுவத்தைப் பற்றிய பேச்சு, கள்ளச் சந்தை எது இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு கண்ணாடிபோல் ஒரு நாடாவை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். உன் நவம்பர்க் கடிதம் அந்த நாடாவோடுதான் வந்தது. அது என் மேஜைக்கு வரவில்லை, அக்கா. யார் மேஜைக்குப் போனது என்றும் தெரியாது. தெரிந்தாலும் எந்த முகத்தோடு அவளைத் திட்டுவேன்? செப்டம்பரில், நீகாட்டாவில் ஒருத்தி கணவனின் அஸ்திப் பெட்டிக்குப் பின்னால் அரிசி வைத்திருப்பதாக மகனுக்கு எழுதியிருந்தாள். அதை மொழிபெயர்த்தவள் நான். நல்ல மொழிபெயர்ப்பு என்று பாராட்டினார்கள். அந்த வீட்டுக்கும் ஒரு ஜீப் போயிருக்கும்.

விடுதிக் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே காப்பாளர் அம்மாள் ஒவ்வொரு கடிதத்தையும் படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார். வீட்டு நினைப்பில் அழுது எழுதினால் கிழித்துப்போடுவார். அதனால்தான் பனி, பூ. நீ கவலைப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் எழுதியது உனக்குப் புரிந்திருக்கும்.

வேலையை விட முடியாது. மினே இருக்கிறாள். ஆனால் நேற்று ஒரு கடிதம் வந்தது, கிணற்றடியில் இரண்டு மூட்டை என்று. 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அப்போதிலிருந்து கூடத்துக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மிசாவோ

யாமகாட்டா
ஜனவரி 14, 1947

அன்புத் தங்கைக்கு,

இங்கே நல்ல பனி. வருஷக் கடைசியில் வாசலில் விழுந்தது யார் காலும் படாத பனி, ஓரம்கூடக் கலையவில்லை. உன் அத்தானும் நானும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அடுப்பருகே கொண்டுபோனேன், உருகிவிட்டது. அவர் இப்போது பேசுகிறார். பழையபடி அதிகமாகவே பேசுகிறார்.

பிளம் மரத்தில் மொட்டு. மினே எழுந்து நடக்கும் நாளில் பூத்துவிடும்.

நீ சொன்னபடி ஊறுகாய்த் தொட்டியை இடம் மாற்றிவிட்டேன். இப்போது ருசி நன்றாக இருக்கிறது.

என் தங்கைக்கு முன்னால் இதைப் படிக்கும் அம்மா, நீங்கள் யாரோ. உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்கும். குளிர் கடுமையாக இருக்கிறது. கைகளை அடிக்கடி சூடுகாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கிகுயே