துவக்கு வாங்காதவருக்கு ஒரு மாலை

என் அன்பு ரெஷோ அண்ணை,

நீங்கள் போய் ஒரு கிழமைதான் ஆகிறது. இக்காஸ்டிலுள்ள எங்கள் துணி ஆலையில் உங்கள் கதிரையில் இன்னும் ஒருவரும் இருக்கவில்லை. டேனிஷ் மொழியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கொலை செய்தோம். இனி நான் தனியே செய்ய வேண்டும்.

ஹொல்ஸ்டெப்ரோவில் உங்கள் மகள் பெரிவான் வீட்டுக்கு நான் மாலையோடு போனேன். இறந்தவர் படத்துக்கு மாலை போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். உங்கள் குர்தியர் வீடுகளில் அது இல்லையென்று யார் கண்டது? மனைவி செவ்வந்தியில் கட்டித் தந்ததை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சுவரில் இரண்டு படங்கள். கீழே நீங்கள். மேலே, பெரிதாய், உங்கள் பூட்டன்: குதிரை, சீருடை, பதக்கம். எல்லையைக் காக்கவென்று சுல்தான் உங்கள் குலத்துக்குத் துவக்கும் பதவியும் கொடுத்ததையும், அந்தத் துவக்குகள் அயலிலிருந்த ஆர்மேனியக் கிராமங்கள் பக்கம் திரும்பியதையும் தேநீர் இடைவேளையில் நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த உங்கள் ஒன்றுவிட்ட தமையன் மாலையைக் கண்டதும் எழுந்து குர்தியில் ஏதோ சொன்னார். பெரிவான் எனக்கு டேனிஷில் சொன்னாள்: "அதைப் பூட்டனுக்குப் போடட்டாம். எங்கடை குலத்தின்ரை மானம் அவர்தானாம். அப்பா குலத்தை விட்டிட்டு ஓடினவராம்."

ஓடினவரா நீங்கள்? பிறகு வந்த அரசாங்கமும் துவக்கையும் சம்பளத்தையும் நீட்டி, ஊர்க்காவல் என்று சொல்லி, மலையில் நின்று போராடிய உங்கள் பெடியளையே சுடக் கேட்டபோது, குலத் தலைவர் முன்னால் மாட்டேன் என்றவர் நீங்கள். அதற்காக உங்கள் வீட்டை எரித்த பிறகுதானே வெளிக்கிட்டீர்கள்? எங்கள் ஊரிலும் அப்படித் துவக்கு நீட்டினார்கள், அண்ணை. எத்தனை பேர் மறுத்தோம்?

மாலையோடு முழித்துக்கொண்டு நின்றேன். பெரிவான் அவரை நேரே பார்த்துக் குர்தியில் பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பி அதையே டேனிஷிலும் சொன்னாள்.

"பெரியப்பா, துவக்கு வாங்கினவருக்குப் பதக்கம் கிடைச்சிட்டுது. என்ரை அப்பாவுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. சித்தப்பா, நீங்கள் மாலையை அப்பாவுக்கே போடுங்கோ."

போட்டேன். பெரியவர் தானே எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அண்ணை, உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அவளை நினைத்தால் இன்னும் பெருமை.

ஆண்டுத் திவசத்துக்கும் மாலையோடு வருவேன். உங்கள் பேரப்பிள்ளை படத்தைக் காட்டி யார் இவர் என்று கேட்டால், சுல்தானின் குதிரைவீரனுக்குப் பூட்டப்பிள்ளை என்று சொல்ல மாட்டேன். இரண்டு கையும் வெறுமையாய் நின்று மாட்டேன் என்று சொன்ன மனிதர் என்று சொல்வேன்.

உங்களுடன் பிறக்காத தமிழ்த் தம்பி,
சிவநேசன்