காரை ஓட்டியவர் சொன்ன சேதி

திருச்செங்கோடு தாலுக்கா,
வெகுதானிய வருஷம் ஆனி மாதம் 12ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா அர்த்தநாரி மனம் நிறைந்து ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மலைமேல் இருக்கிறவர் புண்ணியத்தில் சுகம், நீ வளர்த்த செவலைப் பசுவும் கிடேரி ஈன்று சுகமாக இருக்கிறது. அங்கே உனக்குக் காய்ச்சல் அடியோடு விட்டு, வாய் ருசி திரும்பி, பழையபடி நடமாடுகிறாய் என்பதை உன் கையெழுத்திலேயே பார்க்க வேண்டும். காய்ச்சல் விஷயம் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைக்காதே. உன்னிடம் இங்கிலீஷ் படிக்கிற வெள்ளியங்கிரி வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாம் சொல்லிவிட்டார்.

அதற்கு முன் ஒரு காரியம் சாமி. வைகாசி கடைசியில் நான் ஒரு கடிதம் போட்டேன். அது இன்னும் உன் கைக்கு வராமல் இருந்தால், வந்ததும் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடு. படித்துவிட்டாய் என்றால் நான் என்ன சொல்ல. அடுத்த கப்பலில் வந்து சேர், இல்லாவிட்டால் எனக்கு மகள் இல்லை என்று எழுதியிருந்தேன். எழுதச் சொல்லி நெருக்கியது உன் மாமன் சின்னண்ணன்தான், ஆனாலும் எழுதியது என் கை. அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நீ தங்கியிருக்கிற வீட்டுக்கார வெங்கடாசலத்துக்கும் எழுதினேன், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸர் வேலை பார்க்கிறவர், படித்தவர், உன் அம்மாவுக்குச் சொந்தம் வேறு, அவரும் பதில் போடவில்லை. சித்திரைக் கடைசியில் சங்ககிரிப் பக்கத்துப் பொன்னன் மலேயாவிலிருந்து திரும்பி வந்தான். திருச்செங்கோட்டுச் சந்தையில் நாலு பேர் நிற்கும்போது என்னைப் பார்த்து, "உங்க புள்ளைய ஈப்போவுல பார்த்தனுங்க, ஒருத்தன் தோள்ல சாஞ்சுக்கிட்டுக் கார்ல ஏறிப் போச்சுங்க, என்ற ரண்டு கண்ணால பார்த்தனுங்க" என்றான். நான் அங்கேயே அவனை அறைந்திருக்க வேண்டும். கூலிக்குப் பிடித்த வண்டியைக்கூட மறந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். புருஷனை இழந்த பெண்ணைப் படிக்க வைத்ததே தப்பு, கடல் தாண்டி அனுப்பி ஆம்பளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தது அதைவிடத் தப்பு என்று உன் மாமன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். உன் அம்மா மட்டும், "என்ற புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு, அதைக் கேளுங்க மொதல்ல" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அது எனக்கு அப்போது காதில் ஏறவில்லை. அன்றுமுதல் அவள் ஒருவேளைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள், பொம்பளைகள் கூடுகிற நேரத்தில் கிணற்றுப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் மாட்டுக் கட்டுத்தறியில் இருந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பெயர் வெள்ளியங்கிரி, எருமப்பட்டிக்காரர் என்றும், மலேயாவில் தகரச் சுரங்கத்துத் துரைக்குக் கார் ஓட்டுகிறவர் என்றும், லீவில் வந்திருப்பதாகவும் சொன்னார். மலேயா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் கொடுக்கவே பிடிக்கவில்லை. உன் அம்மாதான் உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்ற புள்ள உசுரோட இருக்குதா சாமி" என்று கேட்டாள். "நல்லா இருக்காங்க ஆத்தா, காச்சல் வந்து பொழைச்சு, இப்ப மறுபடியும் பாடம் நடத்தறாங்க" என்றார். அவள் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் அவர் எல்லாம் சொன்னார். பங்குனியில் ஒரு சாயங்காலம் நீ பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நடுங்கிக் கீழே விழுந்தாயாம். வெங்கடாசலத்தின் சம்சாரத்துக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, இவர் துரையிடம் ஓடிப்போய்க் காரைக் கேட்டு வாங்கி வந்தாராம். நீ நடக்க முடியாததால் தோளைக் கொடுத்து ஏற்றிவிட்டாராம். ஆஸ்பத்திரி வரைக்கும் பின்சீட்டில் அந்த அம்மாள் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். "பொன்னன் பார்த்தது நெசந்தானுங்க ஐயா. அந்தக் காரை ஓட்டுனது நானுங்க. அவன் ஊருக்கு வந்து இப்படிச் சொல்லிட்டுத் திரியறான்னு எங்க ஊர்ல கேள்விப்பட்டேன், அதுக்கப்பறம் ஒரு வாய் சோறு எறங்கலீங்க, அதான் பொறப்பட்டு வந்தேன்" என்றார். வசந்தாமணி, நான் அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வெட்கத்தில் பாதி, உயிர் வந்ததில் பாதி.

உன் வகுப்பைப் பற்றி உன் அம்மா கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கத்துத் தமிழர் சங்கத்துக் கூடத்தில் பதினேழு பேராமே, லாரி ஓட்டுகிறவர்கள், சலவைக்காரர் ஒருவர், காப்பிக்கடைச் சீனர், கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், அறுபது வயதுக் காவல்காரர். பொம்பளையிடம் படிப்பதா என்று முதல் நாள் ஒருவர் எழுந்து போனதாகவும், நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் சிலேட்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்ததாகவும், எட்டாம் நாள் அவரே திரும்பி வந்ததாகவும் சொன்னார். பூனை நாய்ப் பாட்டெல்லாம் சொல்லித்தராமல் மருந்துப் புட்டிச் சீட்டும் ரோட்டில் வைத்திருக்கிற பலகையும் வைத்து நடத்துகிறாயாம். பாலம் பழுது என்று இங்கிலீஷில் எழுதியிருந்த பலகை புரியாமல் ஒருமுறை இவர் காரை ஆற்றில் இறக்கப் பார்த்தாராம், அதற்கப்புறம்தான் உன்னிடம் சேர்ந்தாராம். ஒருத்தர் தப்பாகச் சொன்னால் இன்னொருத்தர் சிரிக்கக் கூடாது என்பதுதான் உன் வகுப்பில் ஒரே சட்டமாம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வகுப்பு நிற்கவில்லை என்பது உனக்குத் தெரியுமா? "பாடம் நின்னுபோச்சுன்னா வாத்தியாரம்மா மனசு ஒடஞ்சிருமுங்க. அதுனால நாங்க பதினேழு பேரும் தெனமும் வந்து உக்காந்து பழைய பாடத்தையே எழுதிக்கிட்டு இருந்தோமுங்க" என்றார்.

உன் அம்மா விடவில்லை, எங்கே ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசுங்கள் பார்க்கலாம் என்றாள். அவர் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஹவ் இஸ் யுவர் மதர்" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, "உங்கம்மா நல்லா இருக்காங்களான்னு கேக்கறதுங்க ஆத்தா. நீங்க இன்னொருத்தரைப் பார்த்தா மொதல்ல இதைக் கேளுங்கன்னு வாத்தியாரம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றார். உன் அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கம்பஞ்சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் ஆக்கிப் போட்டு, அவர் சாப்பிட்ட பிறகு தானும் வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் வெயில் ஏறின பிறகு, கிணற்றடியில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பெரிய தவலையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு தவலைத் தண்ணீர் கொண்டுவர அரை நாள் ஆயிற்று. அவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது.

உன் மாமன் வீட்டுக்கு நேற்று நானே போனேன். காரை ஓட்டியவர் பெயரையும் ஊரையும் சொல்லி, வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் என் மகளைப் பற்றி என் காதுபட ஒரு சொல் வரக் கூடாது என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "புள்ளைக்கு இப்பக் காச்சல் தேவலையா" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. காய்ச்சலை எங்களிடம் மறைத்தாய், வெங்கடாசலத்தையும் எழுத விடாமல் சத்தியம் வாங்கிக்கொண்டாய். எழுதினால் கோணல் கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும், நாங்கள் பயந்துவிடுவோம் என்று நினைத்தாயாம். காய்ச்சல் என்று தெரிந்திருந்தால் ஒரு பயம்தான். தெரியாததால் நூறு பயம் பயந்தோம், பயப்படக் கூடாததை எல்லாம் நினைத்தோம். இனி தலைவலி என்றாலும் எழுது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து கசக்கிறது என்று பாதியில் நிறுத்தாதே, கொசுவலை இல்லாமல் படுக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது இன்னும் ஒரு மாதம் வேண்டாம். வெள்ளியங்கிரி ஆடியில் திரும்புகிறார், அவரிடம் பருப்புப்பொடியும் இரண்டு சேலையும் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. தை மாதம் நீ எழுதிய கடிதத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கட்டுமா அப்பா, சம்மதம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் இத்தனை மாதமாகப் பதில் எழுதவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உன் அம்மாவைக் கேட்டேன். அவள் கை கழுவிக்கொண்டே, "அங்க அத்தனை பேரு நம்ம புள்ளைக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, நாம எப்படிங்க வா சாமின்னு கூப்பிடறது" என்றாள்.

அங்கேயே இரு சாமி. எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரியாவது எழுதித் தபாலில் போடவும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்த்தநாரி
(உன் அம்மா செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசிக்கக் கேட்டாள்)