மெக்சிகோக்காரர் சிலைக்குச் செண்டுப்பூ மாலை

எர்லாங்கன், செப்டம்பர் 1974, ஞாயிறு.

எங்கள் தெரு மெக்சிகோக்காரருக்கு இன்று பூங்காவில் சிலை திறந்தார்கள். வருடக்கணக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்கே கிதார் வாசித்தவர். போன குளிரில் இறந்துபோனார்.

துணியை விலக்கியதும் நான் செண்டுப்பூ மாலையோடு பீடத்தில் ஏறினேன். சிலை என்றால் மாலை வேண்டாமா? ஒரு போலீஸ்காரர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"அப்பா, இறங்குங்க! இங்க இதெல்லாம் பழக்கமில்ல. எல்லாரும் பாக்கறாங்க," என்று மகன் கெஞ்சினான்.

மெக்சிகோக்காரரின் மனைவி மாலையைப் பார்த்ததும் அழத் தொடங்கினார். அந்த அம்மாளின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். இறங்கி, மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த அம்மாளே நேராக வந்து மகனிடம் ஏதோ ஜெர்மனில் சொன்னார்.

"அப்பா, செத்தவங்கள வீட்டுக்குக் கூப்பிட அவங்க ஊர்ல இந்தப் பூவைத்தான் வைப்பாங்களாம். நீங்கதான் போடணுமாம்."

போலீஸ்காரரே என்னைத் தூக்கிவிட்டார். மாலை கழுத்தில் அழகாக விழுந்தது. ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மருமகள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து காலையில் வருவாள். அவள் பால்கனித் தொட்டியில் ஒரு செண்டுப்பூகூட மிச்சமில்லை.