அடி வெட்டாத கூடை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

பண்டமாரானில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க முருகன் துணை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம், ஆனாலும் படியேறும்போதெல்லாம் ஓடாத லிஃப்டைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள். நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் தபால்.

நம் பிளாட்டுக்குக் கீழே கூடைப்பந்துத் திடலில் வளையம் துருப்பிடித்து விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்த பெண்பிள்ளைகள் சும்மா நின்றதைப் பார்த்து, நம் கடைக்குப் பூ வரும் ரோத்தான் பிரம்புக் கூடை ஒன்றைக் கொண்டுபோய்ப் பலகையில் கட்டினேன். அடியை வெட்டச் சொன்னார்கள், நல்ல கூடையை வெட்ட எனக்கு மனசு வரவில்லை, அப்புறம் மல்லிகையை எதில் போடுவது? போட்ட பந்தெல்லாம் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது, ஒவ்வொரு தடவையும் நான்தான் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் மலர் டீச்சர், “அங்கிள், இந்த ஆட்டம் ஆரம்பிச்சதே இப்படித்தான் லா” என்றார். அமெரிக்காவில் ஒரு வாத்தியார் பழக்கூடை இரண்டை மாடி ஓரத்தில் ஆணியடித்து மாட்டினாராம், அதனால்தான் கூடைப்பந்து என்று பேராம். அவர்களும் ஏணி வைத்துத்தான் பந்தை எடுத்தார்களாம், அடியைத் திறந்துவிட வருஷக்கணக்கில் ஆனதாம். வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே நினைப்பு.

உன் பதினாறு வயதில் சிலாங்கூர் மாநிலக் கூடைப்பந்து அணித் தேர்வுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். பொம்பளைப் பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். நீ அழவில்லை, பந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய். அதற்கப்புறம் என்னிடம் நீ எதற்கும் அனுமதி கேட்டதில்லை, மெல்பர்னுக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனாய், கேட்டுவிட்டுப் போகவில்லை. நான் செய்தது தப்பு, கார்த்தி. அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

அங்கே பெண்கள் அணியில் உன்னைக் கூப்பிடுகிறார்களாம், முப்பத்தொரு வயதில் எதற்கு என்று நீ தயங்குவதாக அம்மா சொன்னாள். போய் விளையாடு. வெறும் வயிற்றோடு ஓடாதே, காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள். கூடையின் அடியை நேற்று நானே வெட்டிவிட்டேன், மல்லிகைக்கு வேறு கூடை வாங்கிக்கொள்ளலாம்.

நீ எங்கிருந்தாலும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
இராமலிங்கம்

மறக்காமல் உறைக்குள் பார். அந்த அனுமதிப் பாரத்தை அம்மா உன் சர்டிஃபிகேட்டுகளோடு இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தாள். மேலே உள்ள இதே கையெழுத்தை அதிலும் போட்டிருக்கிறேன்.