பசியே இல்லை என்றீர்கள், மதினி

மதினி,

இன்று காலை அடுக்களைக்குள் நுழைந்ததுமே அந்த வாடை. பல்லைக் கூச வைக்கும் பச்சைப் புளிப்பு. மேடையில் ஒரு பை நிறைய இரும்பன்புளி. விரல் நீளக் காய்கள், சாரலில் நனைந்தபடியே பறித்த ஈரத்தோடு கிடந்தன. செங்கோட்டையில் உங்கள் வீட்டு மரத்துக் காய்தான். நம்மோடு காலை நடைக்கு வரும் கோமதி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூ வாங்கப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர், அதான் உங்கள் தம்பி, பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாளை உங்களுக்கு வருஷம் திரும்புகிறது. ஐந்தருவி ரோட்டில் உங்களோடு காலை நடை நடந்த பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, ஆளுக்கு ஒரு தம்ளர் இந்தக் காயின் சாற்றைக் குடிப்பது என்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நீங்கள் குடித்தது போலவே, வெறும் வயிற்றில். படையல் என்றால் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் வீட்டில் ஏதோ துக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டில், கிடாவெட்டு விருந்தில் இலையில் கை வைத்தபடியே உங்கள் வீட்டுக்காரர் சாய்ந்த பிறகு, நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டீர்கள். கறி, மீன், முட்டை, கடைசியில் பாலும். கீரையும் பயறும் சிவப்பரிசிக் கஞ்சியும் பாலில்லாத கருப்பட்டிக் காப்பியும்தான் சாப்பாடு. "எங்க அக்கா இப்படியே போனா ஆட்டுக்கு மேய ஒண்ணும் மிஞ்சாது" என்று உங்கள் தம்பி கேலி செய்தார். நீங்கள் அசரவில்லை. முழங்கால் வலி போனது, சர்க்கரை இறங்கியது. உங்களைப் பார்த்து நானும் மாறினேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் படுத்திய ஒற்றைத் தலைவலி விட்டுப்போனதற்கு இன்றைக்கும் உங்களைத்தான் கும்பிடுகிறேன்.

நடக்கும்போது நீங்கள் சொன்னதெல்லாம் காதிலேயே இருக்கிறது. "பசிச்சுத் தின்னுங்கட்டி, மணி பாத்துத் தின்னாதீங்க." இது நல்ல சொல். "டாக்டர் சொல்லுததுல பாதிய வாசல்லயே விட்டுட்டு வரணும்." இதற்கு எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அந்த மூன்றாவது.

"மரத்துல காய்ச்சது மனுசனைக் கொல்லாதுட்டி."

"அரளியும்தான் காய்க்குது மதினி" என்றேன் நான்.

"அது செடிட்டி" என்றீர்கள். அன்றைக்கு அருவிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தோம்.

உங்கள் இரத்தத்தில் கொழுப்பு மட்டும்தான் இறங்க மறுத்தது. அது உங்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இத்தனை சுத்தமாகச் சாப்பிட்டும் ஏன் என்று பொருமினீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் யாரோ, இரும்பன்புளிச் சாறு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே மீன் குழம்புக்கு ரெண்டு காய் கீறிப் போடுவார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு மீனும் இல்லை, குழம்பும் இல்லை. அதனால் காய் தம்ளருக்கு வந்தது. மரம் வாசலிலேயே நின்றது, காயோ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அரைத்து, வடிகட்டி, உப்புக்கூடப் போடாமல் தினமும் குடித்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. நீங்கள் அத்தனைக்கும் ஒரு நல்ல அர்த்தம் வைத்திருந்தீர்கள். கஞ்சியைப் பாதியில் தள்ளிவைத்தீர்கள். "பசியே இல்லட்டி. உள்ள சுத்தமாகுதுல்லா, அப்படித்தான் இருக்கும்." குமட்டியது; பழைய விஷம் மேலே வருகிறது என்றீர்கள். ஒன்றுக்குப் போவது குறைந்ததை நான் கேட்டதற்கு, "இவ்வளவு நடக்கேன், எல்லாம் வேர்வையில போயிருது" என்றீர்கள். செருப்பு காலில் ஏறாத அன்றைக்குக் கடைக்காரன் சின்ன அளவைத் தந்துவிட்டான் என்று அவனைத் திட்டினீர்கள். வருஷக்கணக்காகப் போட்ட செருப்பு அது, மதினி.

நான் கெஞ்சித்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். அந்த இளவயது டாக்டர் கேட்டார், "புளிச்ச காய், சாறு, அந்த மாதிரி ஏதாவது சாப்பிட்டீங்களா?" உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு டாக்டர் சரியான கேள்வி கேட்டுவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள்.

"தினமும் வெறும் வயித்துல. ஒரு நாளும் விட்டதில்ல."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்தப் புளிப்பில் இருக்கும் உப்பு சிறுநீரகத்துக்குள் போய்ப் பொடிக் கல்லாகப் படிந்துவிடும் என்றார், சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் தாங்காது என்றார். நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். "மரத்துல காய்ச்சதுட்டி" என்றீர்கள், குழந்தை மாதிரி. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் உங்களைப் போட்டார்கள். வந்தது தாமதம். அந்தக் கட்டிலிலிருந்து நீங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

துட்டிக்கு வந்து துக்கம் கேட்டவர்களிடம் உங்கள் தம்பி சர்க்கரை என்றார். நான் சாறு என்றேன். ஊர் சர்க்கரையை நம்பியது. நடைப் பெண்களிடம் தனித்தனியாகச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்காரன் அப்படித்தான் சொல்லுவான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். பாதியை வாசலில் விட்டுவரச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே. உங்கள் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

கோமதி பூவோடு திரும்பி வந்தாள். நான் காய்களையெல்லாம் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா, மதினி மரத்துக் காயைப் போய்க் குப்பையில போடுதிய?"

மறுபடியும் சொன்னேன். டாக்டர் சொன்னது, நீங்கள் என்னைப் பார்த்த பார்வை, மெஷின், எல்லாம். அவள் பூவைத் தண்ணீர் தெளித்து வைத்தபடியே சிரித்தாள்.

"நானும் ஒரு மாசமாக் குடிக்கேன்க்கா. எனக்கு ஒண்ணும் செய்யல. பசிதான் சுத்தமா இல்ல. மதினி சொன்ன மாதிரி உள்ள சுத்தமாகுது போல."

அவள் வாசலில் விட்டிருந்த செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்திருந்தது, ஊக்கால் சேர்த்து மாட்டியிருந்தாள். அங்கனேயே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். "கூசுதுக்கா" என்று காலை இழுத்தாள். விரலை எடுத்தேன். அமுங்கின இடம் குழியாகவே நின்றது.

இதைத் தென்காசியில் இரத்தப் பரிசோதனைக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் தம்பிதான் வண்டியை எடுத்து எங்களைக் கொண்டுவந்து விட்டார். வெளியே நின்று திருநெல்வேலி டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குப் படையல் உண்டு, தம்ளர் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படுகிறவர்கள் படட்டும்.

உங்கள் சாப்பாட்டை நான் விடவில்லை, மதினி. விடவும் மாட்டேன். என் பையில் எப்போதும் உங்கள் பக்குவத்தில் அவித்த பயறு இருக்கும், தேங்காய்த் துருவலோடு. இப்போதும் டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் கோமதி சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. "ஒரு வாய் தின்னுட்டி, பசிக்கலையா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது.

"இல்லக்கா" என்கிறாள்.