விளக்கு பேசிய கன்னம்

தாயில்பட்டி,
சித்திரை 20.

அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு மதினி முருகம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் பிள்ளை எழிலும் நலம். திருப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சங்கதி என்பதால், உன் பனியன் கம்பெனிக்கே வேலைக்கு வரும் மாரீஸ்வரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உனக்கு நன்றி. கோவில் பொங்கலுக்கு நீ எழுதி அனுப்பிய நாடகத்தில், தீ வேஷத்தை அண்ணன்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாயே, அதற்குத்தான். பட்டாசுக் கம்பெனி விபத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷமாக வாசலைத் தாண்டாத மனுஷன். வெந்துபோன இடது கன்னத்தை எங்களிடமே துண்டால் மூடிக்கொண்டிருந்தவர். இவரா மேடை ஏறுவார் என்று உன்னைத் திட்டக்கூடச் செய்தேன். ஆனால் ராஜபார்ட் கட்டிப் பழகிய உடம்பு அல்லவா, உன் வசனத்தைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. அடுப்படியில் என்னைச் சமைக்க விடாமல் வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

நல்ல தீக்கும் கெட்ட தீக்கும் ஒரே ஆள். விளக்காகப் பேசும்போது நல்ல கன்னத்தையும், ஊரை எரிக்கும் தீயாகப் பேசும்போது வெந்த கன்னத்தையும் சனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒத்திகையில் அப்படியே செய்தார். எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

மேடையில் மாற்றிவிட்டார், தம்பி. ‘நான் பசித்த நாய், ஒரு சிட்டிகை வெடிமருந்து போதும் எனக்கு’ என்று கெட்ட தீ பேசியபோது காட்டியது நல்ல கன்னத்தை. பிறகு மெதுவாகத் திரும்பி, வெந்த கன்னத்தில் வெளிச்சம் விழ, ‘பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் நான்’ என்று விளக்கின் வசனத்தைச் சொன்னார். என்னோடு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். எழில் மட்டும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம், அது எங்கப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் மாற்றினீர்கள், மறந்துபோச்சா என்று கேட்டேன். அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டே சொன்னார்:

“இந்தக் கன்னம் யாரைச் சுட்டுச்சு? தம்பியத் தூக்கிட்டு வந்த பக்கம்லா இது. இதப் போயி கெட்டதுன்னு எப்படிக் காட்டுவேன்?”

மறுநாளே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இப்போது திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. பஸ்ஸில் போய்வருகிறார். டிரைவர், கண்டக்டர் எல்லாம் இவருக்குச் சிநேகமாகிவிட்டார்கள். என் வீட்டுக்குள் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்றால் அது உன்னால்தான். உன் கைக்குத் தங்கக் காப்பு போட வசதியில்லை, வாயார வாழ்த்துகிறேன்.

தம்பி, எரிந்த ஷெட்டுக்குள்ளிருந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடிவந்தது ஊருக்கே தெரியும். அந்தக் கன்னத்தைப் பார்க்க முடியாமல்தான் நீ இந்தப் பக்கமே வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொல்வதை உன் அண்ணன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். மாரியாத்தா உன்னைக் கண்போலக் காக்கட்டும். ஆடிப் பொங்கலுக்கு வந்துவிடு. வந்து, அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து சாப்பிடு.

இலை போடக் காத்திருக்கும்
மதினி முருகம்மாள்